தொழில் உரிமச் சீர்திருத்தம்: நான்கு வழிகளில் எதை ஆதரிப்பது?

அமெரிக்காவில் கூலிக்குத் தலைமுடி பின்னிவிட அரசாங்க அனுமதி வேண்டுமா? எந்த மாநிலத்தில் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து விடை மாறும். 1950களின் தொடக்கத்தில் மாநில உரிமம் இருந்தால்தான் செய்ய முடியும் என்ற வேலைகளில் இருந்தவர்கள், அந்நாட்டுத் தொழிலாளர்களில் 5 சதவீதத்துக்கும் குறைவு. 2015இல் ஒபாமா நிர்வாகம் வெளியிட்ட அறிக்கைப்படி அது நான்கில் ஒருவர் என்ற அளவுக்கு ஏறிவிட்டது. டாக்டர், வக்கீல் மட்டுமில்லாமல் முடிதிருத்துபவர், நகம் அழகுபடுத்துபவர், குழாய் பழுதுபார்ப்பவர் என்று பட்டியல் நீண்டுகொண்டே வந்திருக்கிறது.

இதைக் குறைக்க வேண்டும் என்று முதலில் குரல் கொடுத்தவர்கள் தடையற்ற சந்தையை வலியுறுத்துபவர்கள். இன்று பீனிக்ஸ் நகரின் கோல்ட்வாட்டர் இன்ஸ்டிடியூட் என்ற கொள்கை ஆய்வு அமைப்பு மசோதா எழுதிக் கொடுக்கிறது. இன்ஸ்டிடியூட் ஃபார் ஜஸ்டிஸ் என்ற சட்ட அமைப்பு நீதிமன்றத்தில் வழக்கு நடத்துகிறது. ஆனால் இதில் கட்சிச் சண்டை குறைவு. ஒபாமா வெள்ளை மாளிகையும் குடியரசுக் கட்சி ஆளுநர்களும் ஏறத்தாழ ஒரே பேச்சைப் பேசிய அபூர்வமான விஷயங்களில் இதுவும் ஒன்று.

குடியுரிமை பெற்று ஓட்டுப் போடத் தொடங்கியிருக்கும் வாசகர்கள் சிலர் கேட்பது இதுதான்: ஜனவரியில் சட்டமன்றம் கூடியதும் ‘லைசென்ஸ் சீர்திருத்தம்’ என்ற பெயரில் மூன்று நான்கு மசோதாக்கள் வருகின்றன. எல்லாமே நல்லதைத்தான் சொல்கின்றன. எங்கள் பிரதிநிதிக்கு எழுதுவதென்றால் எதை ஆதரித்து எழுதுவது?

நியாயமான கேள்வி. ஏனென்றால் இந்த மசோதாக்கள் நான்கு வழிகளில் போகின்றன, நான்கும் ஒரே ஆட்களுக்கு உதவுவதில்லை.

## எதை வைத்து எடை போடுவது

முதல் அளவுகோல், கதவு யாருக்குத் திறக்கிறது என்பது. ஏற்கெனவே உரிமம் வைத்திருந்து ஊர் மாறுபவருக்கா, இதுவரை உரிமமே இல்லாத ஏழைக்கா? இந்த ஒரு கேள்வியிலேயே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இரண்டாவது, வாடிக்கையாளருக்குத் தீங்கு நேர்ந்தால் அதைக் கண்டுபிடிக்க யார் இருக்கிறார்கள். மூன்றாவது, சட்டமன்றத்தில் நிறைவேறுமா, நிறைவேறிய பிறகு நிலைக்குமா.

நான்காவது அளவுகோலைப் பலர் பார்ப்பதே இல்லை. சீர்திருத்தத்துக்குப் பிறகு உரிம வாரியத்தின் கையில் எவ்வளவு அதிகாரம் மிச்சம் இருக்கிறது? இந்த வாரியங்களில் உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் அதே தொழில் செய்பவர்கள். வட கரோலினாவின் பல் மருத்துவ வாரியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எட்டு உறுப்பினர்களில் ஆறு பேர் தொழில் நடத்திக்கொண்டிருந்த பல் மருத்துவர்கள். ஷாப்பிங் மால்களில் குறைந்த கட்டணத்துக்குப் பற்களை வெண்மையாக்கிக் கொடுக்கும் கடைகள் முளைத்தபோது, ‘உடனே நிறுத்து’ என்று 47 கடிதங்களாவது வாரியத்திலிருந்து போயின. வணிகப் போட்டியைக் கண்காணிக்கும் மத்திய அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் தலையிட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2015 பிப்ரவரியில் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது: தொழில் செய்பவர்களே பெரும்பான்மையாக இருக்கும் வாரியத்தை மாநில அரசு நேரடியாகக் கண்காணிக்காவிட்டால், போட்டியை முடக்குவதற்கு எதிரான சட்டத்திலிருந்து அந்த வாரியத்துக்கு விலக்கு கிடையாது. சட்டமன்றங்கள் இந்த விஷயத்தில் சுறுசுறுப்பானதற்கு இந்தத் தீர்ப்பும் ஒரு காரணம்.

## வழி ஒன்று: வெளிமாநில உரிமத்தை அப்படியே ஏற்பது

2019 ஏப்ரலில் அரிசோனா ஆளுநர் டக் டூசி கையெழுத்திட்ட சட்டம்தான் இதற்கு முன்மாதிரி. வேறு மாநிலத்தில் குறைந்தது ஓராண்டாக உரிமம் வைத்திருக்க வேண்டும். அங்கே ஒழுங்கு நடவடிக்கை எதுவும் நிலுவையில் இருக்கக் கூடாது. அரிசோனாவுக்குக் குடிவந்து கட்டணம் கட்டினால் போதும், இங்கேயும் உரிமம். படிப்பை மறுபடி தொடங்க வேண்டாம். பிறகு யூட்டா, ஐடஹோ, மிசூரி, அயோவா என்று வரிசையாகப் பல மாநிலங்கள் தங்கள் பாணியில் இதைப் பின்பற்றின.

இதன் பெரிய பலம், சட்டமன்றத்தில் சுலபமாக நிறைவேறுவது. உள்ளூர் உரிமதாரர் யாருடைய உரிமமும் பறிபோவதில்லை. ராணுவக் குடும்பங்கள் இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை ஊர் மாறுகின்றன. அவர்களுக்கு உதவும் மசோதாவை எதிர்த்துப் பேச எந்த உறுப்பினருக்கும் மனம் வராது. ஒரே சட்டத்தில் பல தொழில்கள் அடங்கிவிடுவதும் நல்ல விஷயம்.

இப்போது மறைந்திருக்கும் செலவுகள். அரிசோனாவில் குடியிருந்தாக வேண்டும் என்பதால், எல்லைக்கு அந்தப் பக்கம் வீடு, இந்தப் பக்கம் வேலை என்று இருப்பவருக்குப் பயனில்லை. மாநிலச் சட்டம் பற்றிய தேர்வு ஒன்றை வாரியம் வைக்கலாம். இப்படிப் பெறும் உரிமம் அரிசோனாவுக்குள் மட்டுமே செல்லும். அதைவிடப் பெரிய ஓட்டை இன்னொன்று. உங்கள் பழைய மாநிலத்தில் அந்தத் தொழிலுக்கு உரிமமே தேவையில்லை என்றால், காட்டுவதற்கு உங்களிடம் காகிதம் இருக்காது. அதிகச் சுதந்திரம் தந்த ஊரிலிருந்து வந்தவர்தான் வாசலில் நிற்பார். இதை உணர்ந்துதான் மிசிசிப்பி 2021இல் கொண்டுவந்த சட்டத்தில் வேலை அனுபவத்தையும் கணக்கில் எடுத்துக்கொண்டது. உங்கள் மாநில மசோதாவில் அந்தப் பிரிவு இருக்கிறதா என்று பாருங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே, உள்ளூரில் பிறந்து உள்ளூரிலேயே தொழில் தொடங்க நினைக்கும் பெண்ணுக்கு இந்தச் சட்டம் ஒரு மணி நேரப் பயிற்சியைக்கூடக் குறைப்பதில்லை.

## வழி இரண்டு: மாநிலங்களுக்கிடையே ஒப்பந்தம்

காம்பாக்ட் என்று சொல்வார்கள். ஒரே வாசகத்தைப் பல மாநிலச் சட்டமன்றங்களும் தனித்தனியாக நிறைவேற்றினால் அது ஒப்பந்தமாகிறது. நர்ஸ்களுக்கான ஒப்பந்தம்தான் இதில் மூத்தது, பெரியது. 2000ஆம் ஆண்டில் தொடங்கி, 2018 ஜனவரியில் புதிய வடிவம் பெற்று, இன்று நாற்பதுக்கும் மேற்பட்ட ஆட்சிப் பகுதிகளைத் தொட்டிருக்கிறது. டெக்சஸில் குடியிருக்கும் நர்ஸ் அங்கே பெறும் பல்மாநில உரிமத்தோடு, ஒப்பந்தத்தில் உள்ள எந்த மாநில நோயாளியையும் கவனிக்கலாம். போனில், வீடியோவில் பார்ப்பதும் இதில் அடக்கம். அரிசோனா வழி தராத வசதி இது. நம் சமூகத்தில் நர்ஸ் வேலையில் இருப்பவர்கள் பலர் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

ஆனால் ‘காம்பாக்ட்’ என்ற பெயரிலேயே எல்லாம் ஒன்று என்று நினைத்துவிடாதீர்கள். டாக்டர்களுக்கான ஒப்பந்தம் 2017இல் செயல்பட ஆரம்பித்தது. அது ஒரே உரிமத்தைத் தருவதில்லை. தனித்தனி உரிமங்களைச் சீக்கிரமாக வாங்கித் தருகிறது, அவ்வளவுதான். அதற்கு 700 டாலர் கட்டணம், அதன்மேல் ஒவ்வொரு மாநிலமும் கேட்கும் உரிமக் கட்டணம்.

பாதகம் எங்கே என்றால், ஒப்பந்தம் ஒவ்வொரு தொழிலுக்கும் தனித்தனி. போதுமான மாநிலங்கள் சேரும்வரை அது உயிர் பெறாது. சேர்ந்த பிறகோ, பொதுத் தகுதியைத் தளர்த்த ஒரு மாநிலம் மட்டும் நினைத்தால் நடக்காது. தடையைக் குறைக்க வந்த ஏற்பாடு, இருக்கும் தடையையே பூட்டிவிடுகிற ஆபத்து இதில் உண்டு. மருத்துவத் துறைக்குப் பொதுத்தரம் தேவை, சரி. அழகுக்கலைத் தொழிலுக்கும் அதையே கட்ட முயலும்போதுதான் எனக்குத் தயக்கம் வருகிறது.

## வழி மூன்று: காலாவதித் தேதி வைத்து மறுஆய்வு

கொலராடோ 1976இல் தொடங்கிவைத்த முறை இது. ஒவ்வொரு உரிமச் சட்டத்துக்கும் ஒரு முடிவுத் தேதி. அதற்குள் சட்டமன்றம் புதுப்பிக்காவிட்டால் சட்டம் தானாக முடிந்துவிடும். டெக்சஸ் அடுத்த ஆண்டே பின்பற்றியது. 2018இல் நெப்ராஸ்கா மென்மையான வடிவம் ஒன்றைக் கொண்டுவந்தது: ஆண்டுதோறும் உரிமங்களில் ஐந்தில் ஒரு பங்கைச் சட்டமன்றக் குழுக்கள் ஆராய வேண்டும், ஐந்தாண்டில் எல்லாம் ஒரு சுற்று வந்துவிடும். அதே சட்டத்தில் இன்னொரு நல்ல பிரிவு உண்டு. சிறை சென்று திரும்பியவர், தன் பழைய தண்டனை உரிமத்துக்குத் தடையாகுமா என்று படிப்புக்குப் பணம் கட்டும் முன்பே வாரியத்திடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

காகிதத்தில் அருமையான வழி. நடப்பில்? 2015இல் தொழிலாளர் புள்ளிவிவரத் துறையின் இதழில் வந்த ஆய்வு ஒன்று, நாற்பது ஆண்டுகளில் மாநிலங்கள் ஒரு தொழிலின் உரிமத்தை உண்மையிலேயே நீக்கிய சம்பவங்களைத் தேடியது. கிடைத்தவை எட்டு. புதுப்பிக்கும் நாளில் சட்டமன்றக் கூடத்தை நிறைப்பவர்கள் உரிமம் வைத்திருப்பவர்கள். உரிமம் இல்லாததால் தொழிலே தொடங்க முடியாமல் போனவர் அங்கே வந்து நிற்பதில்லை.

இந்த வழியின் இன்னொரு ஆபத்தை டெக்சஸ் 2019இல் நேரில் பார்த்தது. பிளம்பிங் வாரியம் மறுஆய்வுக்கு வந்தது. அதை வேறு துறையோடு இணைப்பதா வேண்டாமா என்ற இழுபறியில் மே மாத இறுதியில் கூட்டத்தொடரே முடிந்துபோனது. வாரியத்தோடு மாநிலத்தின் பிளம்பிங் சட்டமும் செப்டம்பர் முதல் படிப்படியாகக் காலாவதியாகும் நிலை. யாரும் யோசித்து எடுத்த முடிவில்லை அது. பிளம்பர்கள் கொதித்தெழுந்தார்கள். கடைசியில் ஆளுநர் கிரெக் அபட், ஹார்வி புயலுக்குப் பிந்தைய மறுகட்டமைப்பைக் காரணம் காட்டி, பேரிடர் அதிகாரத்தைப் பயன்படுத்தி வாரியத்தை 2021 மே வரை நீட்டித்தார். சீர்திருத்தமும் நடக்கவில்லை, நம்பிக்கையும் கெட்டது. ஆகவே தானாகக் காலாவதியாகும் வகையைவிட, நெப்ராஸ்காவின் சுழற்சி ஆய்வே மேல் என்பது என் கணிப்பு.

## வழி நான்கு: உரிமத்தை நீக்குவது, அல்லது பதிவாகக் குறைப்பது

என் மனம் சாய்வது இந்தப் பக்கம்தான். அதனாலேயே இதன் குறைகளையும் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் நமக்குப் பழக்கமான ஒன்று: திரெடிங். நூலை முறுக்கிப் புருவம் திருத்தும் வேலை. டெக்சஸில் இதைச் செய்பவர்களும் சரும அழகுக்கலை உரிமம் எடுக்க வேண்டும், அதற்கு 750 மணி நேரப் பயிற்சி முடிக்க வேண்டும் என்று அரசு சொன்னது. கையில் இருப்பது ஒரு பருத்தி நூல். ரசாயனம் இல்லை, கூர்மையான கருவி இல்லை. படேல் வழக்கு என்று அறியப்படும் அந்த வழக்கில், 750இல் ஏறக்குறைய 320 மணி நேரத்துக்கும் திரெடிங்குக்கும் சம்பந்தமே இல்லை என்பதை டெக்சஸ் உச்ச நீதிமன்றம் எடுத்துக்காட்டியது. 2015 ஜூனில் அந்த நிபந்தனை ரத்தானது. அதே ஆண்டில் தலைமுடி பின்னுபவர்களுக்கான உரிமத்தைச் சட்டமன்றமே நீக்கியது.

பின்னல் தொழிலில் இன்னும் தெளிவான ஒப்பீடு கிடைக்கிறது. மிசிசிப்பி 2005இல் உரிமத்தை எடுத்துவிட்டு, 25 டாலர் கட்டிப் பதிவு செய்துகொண்டு சுகாதார விதிகளைப் பின்பற்றினால் போதும் என்றது. பக்கத்து மாநிலமான லூயிசியானாவில் அப்போது 500 மணி நேரப் பயிற்சி தேவைப்பட்டது. 2012இல் மிசிசிப்பியில் 1,200க்கும் மேற்பட்ட பின்னல் கலைஞர்கள் பதிவு செய்திருந்தார்கள், லூயிசியானாவில் 32 பேர் என்கிறது இன்ஸ்டிடியூட் ஃபார் ஜஸ்டிஸ். இந்தப் பின்னலை அதிகம் நாடும் கறுப்பின மக்களின் எண்ணிக்கை லூயிசியானாவில்தான் அதிகம். அப்படியென்றால் அங்கே முடி பின்னவே இல்லையா? பின்னினார்கள், சட்டத்துக்குப் பயந்து வீட்டுக்குள் வைத்து. கணக்குச் சொன்னவர்கள் உரிமத்தை எதிர்த்து வழக்கு நடத்துபவர்கள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டாலும், 25 டாலருக்கும் 500 மணி நேரத்துக்கும் உள்ள தூரத்தை அந்த எண்கள் காட்டத்தான் செய்கின்றன. கையில் காசில்லாத ஒரு தாய்க்கு அந்த 500 மணி நேரம் என்பது மாதக்கணக்கில் சம்பளமில்லாத வேலை.

ஃபுளோரிடா 2020இல் ஒரே சட்டத்தில் பல தொழில்களைத் தொட்டது. முடி பின்னுபவர், மேக்கப் போடுபவர், நகப்பூச்சு பூசுபவர், குத்துச்சண்டைப் போட்டியில் நேரம் குறிப்பவர் ஆகியோரின் உரிமத் தேவை போயிற்று. இதே முயற்சி 2011இல் அங்கே தோற்றுப்போயிருந்தது. உரிமம் வைத்திருப்பவர்கள் எதிர்ப்பார்கள், காத்திருந்து மறுபடி கொண்டுவர வேண்டியிருக்கும் என்பதற்காகச் சொல்கிறேன்.

இனி கசப்பான பகுதி. கொலராடோ 1983இல் ஈமச்சடங்கு நடத்துநர்களுக்கான உரிமத்தை நீக்கியது. நாட்டிலேயே அப்படிச் செய்த மாநிலம் அது ஒன்றுதான். 2023 அக்டோபரில் பென்ரோஸ் என்ற சிற்றூரில், ஈமச்சடங்கு நிலையம் ஒன்றின் கட்டடத்திலிருந்து வந்த துர்நாற்றத்தைத் தேடிப் போன அதிகாரிகள், உள்ளே அழுகிக் கிடந்த 190ஐ நெருங்கிய உடல்களைக் கண்டார்கள். சில குடும்பங்கள் அஸ்தி என்று நம்பி வாங்கிப்போனது அஸ்தியே இல்லை. 2024இல் சட்டமன்றம் இரண்டு சட்டங்கள் இயற்றியது. ஒன்று உரிமத்தைத் திரும்பக் கொண்டுவந்தது, இன்னொன்று வழக்கமான சோதனையைக் கட்டாயமாக்கியது.

இந்தக் குடும்பங்களின் துயரத்தைத் தள்ளிவைத்துவிட்டு உரிம நீக்கத்தைப் பற்றிப் பேசவே கூடாது. அதே சமயம் எங்கே தவறியது என்பதையும் சரியாகப் பார்க்க வேண்டும். உரிமம் போனபோது அதன் இடத்தில் சோதனை வரவில்லை. கதவைத் தட்டி உள்ளே பார்க்கும் அதிகாரம் அரசிடம் பல காலம் போதிய அளவில் இல்லை. மோசமாக வெட்டிய முடி கண்ணாடியில் தெரிந்துவிடும், அடுத்த முறை வேறு கடைக்குப் போவோம். பூட்டிய அறைக்குள் உடலுக்கு என்ன நடந்தது என்பது உறவினருக்குத் தெரியாது. வாடிக்கையாளரால் பார்த்து மதிப்பிட முடியாத வேலை எதுவோ, அங்கே சந்தை தானாகத் திருத்திக்கொள்ளும் என்று விட்டுவிட முடியாது. தடையற்ற சந்தையில் நம்பிக்கை வைத்திருப்பவன் என்ற முறையிலேயே இதைச் சொல்கிறேன்.

நீக்கம் நிலைக்குமா என்பதும் உறுதியில்லை. அலபாமா 1983இல் முடிதிருத்துபவர்களுக்கான மாநில உரிமத்தை நீக்கிவிட்டு 2013இல் மறுபடி கொண்டுவந்தது.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | வெளிமாநில ஏற்பு | ஒப்பந்தம் | மறுஆய்வு | நீக்கம் / பதிவு |
|---|---|---|---|---|
| யாருக்குப் பயன் | உரிமத்தோடு குடிபெயர்பவர் | பல மாநிலங்களில் வேலை செய்பவர் | நேரடியாக யாருக்கும் இல்லை | உரிமமே இல்லாத புதியவர் |
| பாதுகாப்பு | பழைய மாநிலத்தின் தரத்தை நம்புகிறது | பொதுத்தரம், பின்னணிச் சோதனை | மாற்றமில்லை | சோதனை இருந்தால் மட்டும் |
| நிறைவேறுவது | எளிது | ஆண்டுகள் பிடிக்கும் | எளிது, விளைவு அரிது | கடினம் |
| மறைந்த செலவு | குடியிருப்பு நிபந்தனை, கூடுதல் தேர்வு | தரம் பூட்டப்படுகிறது, கட்டணங்கள் | தற்செயலான காலாவதி | உரிமதாரர் எதிர்ப்பு, திரும்ப வரும் வாய்ப்பு |
| வாரிய அதிகாரம் | கொஞ்சம் குறைகிறது | ஒப்பந்த ஆணையத்துக்கு ஒரு பங்கு போகிறது | அப்படியே | பெருமளவு குறைகிறது |

## சரி, எதை ஆதரித்து எழுதுவது

உங்கள் வீட்டில் நர்ஸோ உடலியக்கச் சிகிச்சையாளரோ இருந்து, மாநிலம் ஒப்பந்தத்துக்கு வெளியே இருந்தால், ஒப்பந்த மசோதாவைக் கேளுங்கள். கலிஃபோர்னியா, நியூயார்க் போன்ற பெரிய மாநிலங்கள் நர்ஸ் ஒப்பந்தத்தில் சேராமல் நீண்ட காலம் ஒதுங்கியே இருந்திருக்கின்றன. அங்கே உங்கள் கடிதத்துக்கு மதிப்பு அதிகம்.

மக்கள் வந்து குடியேறிக்கொண்டிருக்கும் மாநிலம், வெவ்வேறு தொழில்களில் ஆள் பற்றாக்குறை என்றால் வெளிமாநில ஏற்பு உடனடிப் பலன் தரும். பலனை மிகைப்படுத்தவும் வேண்டாம். மாநிலத்துக்கு மாநிலம் தனித் தேர்வு வைக்கும் தொழில்களில் இருப்பவர்கள், நாடு முழுவதற்கும் பொதுவான தேர்வு உள்ள தொழில்களில் இருப்பவர்களைவிட 7 சதவீதம் குறைவாக மாநிலம் மாறுகிறார்கள் என்று பொருளாதார அறிஞர் மாரிஸ் க்ளைனரும் உடன் ஆய்வாளரும் கண்டார்கள். உண்மையான தடைதான், ஆனால் ஊர் மாறுவதற்கு வீடு, பள்ளி, உறவு என்று வேறு காரணங்களும் இருக்கின்றன.

ஒரே ஒரு மசோதாவுக்குத்தான் எழுத நேரம் இருக்கிறது என்றால் நான் நான்காம் வழியைத்தான் தேர்ந்தெடுப்பேன். காரணம், மற்ற மூன்றும் ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களைச் சுற்றியே நடக்கின்றன. ஆனால் மசோதாவின் வாசகத்தில் இரண்டு விஷயங்கள் இருக்க வேண்டும். தொழில்கள் பெயர் சொல்லிப் பட்டியலிடப்பட வேண்டும், ‘தேவையற்ற உரிமங்கள்’ என்று பொதுவாக விடக் கூடாது. உரிமம் போகிற இடத்தில் பதிவும் முன்னறிவிப்பில்லாத சோதனையும் வருகிறதா, அந்தச் சோதனைக்கு நிதி ஒதுக்கப்பட்டிருக்கிறதா என்பது இரண்டாவது. குழு விசாரணையில் பொதுமக்கள் பேசலாம். உரிமதாரர் சங்கங்கள் ஆள் அனுப்பும், நீங்களும் போங்கள். எதிர்ப்பவர் பாதுகாப்பு என்று சொன்னால், எந்தத் தீங்கு, அதைப் பயிற்சி மணி நேரம் தடுக்குமா, சோதனை தடுக்குமா என்று கேளுங்கள்.

நம்மவர்கள் அதிகம் கேட்கும் ஒன்றுக்கு இந்த நான்கிலும் நேரடி விடை இல்லை. இந்தியாவில் அல்லது இலங்கையில் படித்த பட்டத்தை என்ன செய்வது? அரிசோனா பாணிச் சட்டம் அமெரிக்க மாநிலங்களின் உரிமத்தைத்தான் ஏற்கிறது. சென்னையில் பத்து ஆண்டு பல் மருத்துவம் பார்த்தவர் பெரும்பாலும் இங்கே பல் மருத்துவக் கல்லூரியில் மறுபடி இரண்டு மூன்று ஆண்டு படிக்க வேண்டியிருக்கிறது. டாக்டர்கள் விஷயத்தில் மட்டும் அசைவு தெரிகிறது. டென்னசி 2023இல் கொண்டுவந்த சட்டம், வெளிநாட்டில் பயிற்சி முடித்துத் தொழில் செய்த மருத்துவர் அமெரிக்காவில் மறுபடி ரெசிடென்சி என்ற மருத்துவமனைப் பயிற்சி செய்யாமலே, மருத்துவமனை ஒன்றின் மேற்பார்வையில் தற்காலிக உரிமத்தோடு வேலை தொடங்க வழி செய்தது. அதன் பிறகு வேறு சில மாநிலங்களும் அதே திசையில் சட்டம் இயற்றியிருக்கின்றன. பிரதிநிதிக்கு எழுதும்போது, வெளிமாநில ஏற்பு மசோதாவில் ‘வேறு மாநிலம்’ என்று இருக்கும் இடத்தில் ‘வேறு நாடு’ என்பதையும் சேர்க்க முடியுமா என்று ஒரு வரி கேட்டுவிடுங்கள்.